இரட்டைக் கொழுக் கலப்பை: கலப்பைக்கு நான்கு, பொருத்திக் கொடுத்த கடைக்கு ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புதுக் கலப்பை இல்லை. வெளிநாட்டில் யாரோ உழுது முடித்துக் கழற்றிப்போட்டதைக் கொண்டுவந்து இறக்கி, இங்கே சிவப்புப் பெயின்ட் அடித்து விற்கிற ரகம். டிராக்டருக்குப் பின்னால் மூன்று இடத்தில் மாட்டி, ஹைட்ரோலிக்கில் தூக்கிக்கொண்டு போகிற மண்புரட்டிக் கலப்பை. இரண்டு கொழு, ஒவ்வொன்றும் 12 அங்குலம் வெட்டும். மாசி மாதம் வாங்கினேன், 185,000 ரூபாய், லொறிக்கூலி தனி. கடைப் பெயர் போட மாட்டேன், கேட்டு எழுதாதீர்கள். ஒரு போகம் முழுக்க உழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கிய மூன்றாம் நாள் எழுதியிருந்தால், இந்தக் கலப்பையைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துப் போடுங்கள் என்று எழுதியிருப்பேன். அன்று என் கோபம் எல்லாம் கலப்பை மேல் இருந்தது, அது தப்பு.

எனக்கு பொரலந்தைக்கும் வெலிமடைக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர் வயல் குத்தகையில் இருக்கிறது. பெரும்போகத்தில் நெல், அறுத்த பிறகு சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு, இந்தப் பக்கம் எல்லாரும் செய்கிற மாதிரிதான். மேலே சரிவில் இன்னொரு முக்கால் ஏக்கர், அதில் கோவா, போஞ்சி. இத்தனை வருடமும் லேண்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சக்கரக் கை டிராக்டரில், சுழல்கத்தி ரொட்டவேட்டர் போட்டுத்தான் மண் கிளறினோம். மேலே பார்த்தால் மாவு மாதிரி இருக்கும், கால் வைத்தால் புதையும். ஆனால் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் குத்திப் பாருங்கள், ஐந்து அங்குலத்தில் டக்கென்று நிற்கும். வருடக்கணக்காக அதே ஆழத்தில் கத்தி சுற்றிச் சுற்றி, அடியில் சிமெந்து போட்ட மாதிரி ஒரு தட்டு. மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் அந்தத் தட்டுக்கு மேலேயே நிற்கும், கிழங்கு அழுகும். அதோடு, நெல்லுத் தாளை ரொட்டவேட்டர் வெட்டிப் பரப்புமே தவிரப் புதைக்காது. தட்டை உடைக்கவும் வேணும், தாளைப் புதைக்கவும் வேணும் என்றால் மண்ணைத் தலைகீழாகப் புரட்டுகிற கலப்பைதான் சரி என்று முடிவு செய்தேன். டிராக்டர் ஏற்கெனவே இருக்கிறது, பழைய மாஸி பெர்குசன் 240. கிழங்கு மூட்டையும் உரமும் இழுக்க வாங்கியது.

கலப்பை வந்த அன்றைக்கே மூன்று குறை தெரிந்தது. ஒன்று பெயின்ட். சட்டம், கால் எல்லாம் பெயின்ட் அடித்தால் நல்லதுதான், ஆனால் மண் வழுக்கிப் போகவேண்டிய வளைபலகைக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள், அதுவும் துருக் குழியை மூடி. வளைபலகை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால்தான் மண் அதன்மேல் ஏறி, சுழன்று, புரண்டு விழும். பெயின்ட்டிலும் துருவிலும் மண் அப்பிக்கொள்ளும், அப்பிய மண்ணின் மேல் இன்னும் மண் அப்பும், கடைசியில் கலப்பை புரட்டாது, மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். சுரண்டி, செங்கல்லால் தேய்த்து, ஈர மணல் போட்டுத் தேய்த்து அந்தப் பெயின்ட்டைக் கழற்ற எனக்கும் தம்பிக்கும் ஒன்றரை நாள் போனது. அழகுக்காகப் பூசியது என்று கடைக்காரர் போனில் சொன்னார். கலப்பையைப் பெண் பார்க்கவா கூப்பிட்டிருக்கிறோம்?

இரண்டாவது, கீழ்க் கைகள் மாட்டுகிற முள். என் டிராக்டரின் கீழ்க் கை உருண்டையில் துளை 28 மில்லிமீற்றர், கலப்பையில் இருக்கும் முள் 22 மில்லிமீற்றர். இது கலப்பையின் குறை இல்லை, உலகம் முழுக்க முதல் வகை, இரண்டாம் வகை என்று இந்த இரண்டு அளவும் உண்டு. நடுவில் ஒரு புஷ், அதாவது ஒரு இரும்பு வளையம், போட்டால் முடிந்த வேலை. அந்தப் புஷ்ஷைத் தரவில்லை. பொருத்த வந்த பையனிடம் கேட்டேன், "ஓடும் அண்ணே, ஒன்றும் ஆகாது" என்றான். ஓடியது, 6 மில்லிமீற்றர் ஆட்டத்தோடு லொடலொட என்று ஓடியது.

மூன்றாவது, முன்கொழுவின் நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. கொழு தானாக மண்ணுக்குள் இறங்குவதற்கு அதன் அடிப்பக்கம் லேசாகக் குழிந்து நுனி கீழ்நோக்கி இருக்கவேண்டும். தேய்ந்தால் அந்தக் குழிவு போய்விடும், அப்புறம் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இறுகிய மண்ணில் சறுக்கும். பழைய கலப்பை வாங்கப் போகிறவர்கள் ஒரு நேரான மட்டப்பலகையைக் கையோடு கொண்டுபோய்க் கொழுவின் அடியில் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் புதுக் கொழுவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள். நான் பேசவில்லை. இரண்டு புதுக் கொழு பிறகு வாங்கினேன், அந்தக் காசு என் மடத்தனத்தின் கணக்கில்.

இப்போது பொருத்திக் கொடுக்கும் சேவை. விளம்பரத்தில் "வீட்டுக்கே வந்து செட் பண்ணித் தருவோம்" என்று இருந்தது, அதை நம்பித்தான் வேறு இடத்தில் இதைவிடக் குறைவாகச் சொன்னதையும் விட்டுவிட்டு இங்கே வாங்கினேன். வந்த பையன் நல்ல பையன், மரியாதையாகப் பேசினான், பிளேன்டீ குடித்தான். முற்றத்தில், சிமெந்துத் தரையில் டிராக்டரை நிறுத்தி, கீழ்க் கைகளைத் தூக்குகிற இரண்டு பக்கத் தூக்குக் கம்பியையும் ஒரே நீளத்துக்கு வைத்து, அந்தக் கைகள் ஆடாமல் பிடிக்கிற பக்கச் சங்கிலி இரண்டையும் இறுக்கி, மட்டம் பார்த்து, சரி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். முப்பது நிமிடம். வயலில் கால் வைக்கவில்லை. தரையில் கலப்பை அப்படியே படம் பிடித்த மாதிரி மட்டமாகத்தான் நின்றது, அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் நான் உழப் போவது முற்றத்தை இல்லையே.

மறுநாள் வயலில் இறக்கினேன். முதல் ஓட்டத்தில் கலப்பை இறங்கவே இல்லை, மேல்மண்ணைச் சீவிக்கொண்டு வந்தது. சரி, நுனி கீழே பார்க்கட்டும் என்று டொப் லிங்கை, அதாவது நடுவில் மேலே மாட்டுகிற தண்டை, ஐந்து சுற்றுச் சுற்றிக் குறைத்தேன். இப்போது மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது, எவ்வளவு என்றால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகத் தூக்க, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கொஞ்சம் திருப்பி விட்டேன், ஒருவழியாகப் போனது. இரண்டாம் ஓட்டத்தில் வலது சக்கரம் சாலுக்குள் இறங்கியதும் கதை இன்னும் மோசம். முன்கொழு 9 அங்குலம் போகிறது, பின்கொழு 4 அங்குலம். புரண்டு விழுகிற மண்பட்டை ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு மேடு, ஸ்டியரிங் ஒரு பக்கமாகவே இழுக்கிறது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, பன்றி வந்து கிளறினாலும் இதைவிட ஒழுங்காக இருக்கும் என்றார். சிங்களத்தில் சொன்னார், ஆனால் சிரித்தது எல்லாப் பாஷைக்கும் பொது.

கடைக்குப் போன் எடுத்தேன். முதல் நாள் எடுத்தார்கள், பையனை அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த நான்கு நாளும் மணி அடித்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் பெரியப்பா. எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். அதற்கு முன்னால், 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் காணியில் கூலிக்கு உழுதிருக்கிறார். இப்போது முழங்கால் வலி, டிராக்டரில் ஏற மாட்டார். வரப்பில் ஒரு உரப்பையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கலப்பைய தொடாத, முதல்ல டயர் காத்தப் பாரு" என்றார். பார்த்தால் ஒரு பின்டயரில் 18 பவுண்ட், மற்றதில் 10. ஒரு பக்கம் சாய்ந்த டிராக்டரில் எந்தக் கலப்பையை மட்டம் பிடித்தாலும் அது பொய் மட்டம். இரண்டையும் சமமாக்கினோம்.

இரண்டாவது பின்சக்கர அகலம். கிழங்கு வரம்புக்கு ஏற்ற மாதிரி என் சக்கரங்கள் அகலமாகப் போட்டிருந்தன. இந்தக் கலப்பைக்கு அது ஆகாது. வலது பின்டயர் பழைய சாலுக்குள் சுவரை ஒட்டி ஓடும், அந்தச் சுவரிலிருந்துதான் முன்கொழு வெட்ட ஆரம்பிக்கிறது. ஆகவே டயரின் உள்பக்கத்திலிருந்து முன்கொழுவின் நுனி வரைக்கும் டேப் பிடித்தால் 12 அங்குலம் வரவேண்டும், கொழு வெட்டுகிற அகலம் அதுதானே. எனக்கு 17 வந்தது. அதாவது 12 அங்குலக் கொழு 17 அங்குல மண்ணைப் புரட்ட வேண்டும், முடியுமா, மிச்ச ஐந்து அங்குலம் வெட்டப்படாமல் அடியில் நிற்கும், அதுதான் ஓட்டத்துக்கு ஓட்டம் தெரிந்த அந்த மேடு. 240இல் பின்சக்கரத்தின் தட்டையும் விளிம்பையும் திருப்பிப் போட்டு நான்கு நான்கு அங்குலமாக அகலத்தை மாற்றலாம். ஜாக்கி வைத்து ஒவ்வொரு பக்கமும் ஒரு படி உள்ளே கொண்டுவந்தோம். அரை நாள் போனது, இடுப்பு போனது. மிச்சம் இருந்த கொஞ்சத்தைக் கலப்பையின் குறுக்குத் தண்டில் சரி செய்தோம். அந்தத் தண்டு இரண்டு முனையிலும் வளைந்து இருக்கும், அதைச் சுழற்றினால் கலப்பையின் மூக்கு உழாத நிலத்துப் பக்கம் திரும்பும் அல்லது உழுத பக்கம் திரும்பும். உழாத பக்கம் திரும்பினால் முன்சால் அகலும், மறுபக்கம் என்றால் ஒடுங்கும். இந்த ஒரு தண்டின் வேலையைக் கடைப் பையன் சொல்லியிருந்தாலே அவனுக்கு இன்னொரு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பக்கச் சங்கிலியைப் பார்த்ததும் பெரியப்பாவுக்குச் சிரிப்பு. ரொட்டவேட்டருக்கு இறுக்கிக் கட்டலாம். புரட்டுக் கலப்பைக்குக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரு இரண்டு அங்குலம் ஆட விடவேண்டும். கலப்பை தன் பாதையைத் தானே தேடிக்கொள்ளும், கட்டிப்போட்டால் டிராக்டரைத்தான் இழுக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது பாதி இதனால், பாதி அந்த 17 அங்குலத்தால்.

இப்போது மட்டம். முற்றத்தில் மட்டமாக இருந்த கலப்பை வயலில் ஏன் சரிந்தது என்று யோசித்தால் குழந்தைக்கும் புரியும், ஆனால் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. உழும்போது வலது சக்கரம் ஏழு எட்டு அங்குலச் சாலுக்குள் இருக்கிறது, இடது சக்கரம் மேலே தரையில். டிராக்டரே வலது பக்கம் சாய்ந்துதான் ஓடும். கலப்பையும் கூடவே சாயும், வலது பக்கம் இருக்கிற முன்கொழு ஆழப் போகும், இடது பக்கம் இருக்கிற பின்கொழு மிதக்கும். ஆகவே வலது தூக்குக் கம்பியில் இருக்கிற அந்தக் கைப்பிடியைச் சுற்றிக் குறைத்து, டிராக்டர் சாய்ந்தாலும் கலப்பை தரைக்கு நேராக நிற்கும்படி வைக்கவேண்டும். பின்னால் போய் நின்று பார்த்தால் கலப்பைக் கால்கள் நிலத்துக்குச் செங்குத்தாகத் தெரியவேண்டும். முதல் சால் எடுக்கும்போது இரண்டு சக்கரமும் மேலே இருப்பதால் கம்பி இரண்டும் சமம், பாதி ஆழத்தில் ஒரு ஓட்டம், சாலுக்குள் சக்கரம் இறங்கிய பிறகுதான் உண்மையான செட்டிங். இதை முற்றத்தில் யாராலும் செய்து தர முடியாது. வயலுக்குள் வராமல் செட் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சட்டை அளவு எடுக்காமல் தைத்துத் தருகிறேன் என்று சொல்கிற மாதிரி.

டொப் லிங்கைப் பற்றி எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள், நானும்தான். அதை ஆழம் கூட்டுகிற திருகாணி என்று நினைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அது முன்பின் மட்டத்துக்கு. குறைத்தால் மூக்கு குத்தும், குதிகால் தூக்கும். நீட்டினால் குதிகால் இழுபடும், கொழு இறங்காது. எங்கே நிறுத்துவது என்பதற்குப் பெரியப்பா ஒரு அடையாளம் சொன்னார், அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. பத்து அடி உழுதுவிட்டு நிறுத்தி, பின்கொழுவின் சாலுக்குள் குனிந்து பாருங்கள். சுவரை ஒட்டிப் போகிற பக்கத் தகட்டின் குதிகால், சாலின் அடியில் லேசாக ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். கோடே இல்லை என்றால் குதிகால் காற்றில் தொங்குகிறது, டொப் லிங்கை நீட்டு. அழுத்தமாகத் தேய்த்து மினுங்குகிறது என்றால் குறை. நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். நான் ஒன்றரைச் சுற்றில் பிடித்துவிட்டேன்.

ஆழத்தை வைப்பது சீட்டுப் பக்கத்தில் இருக்கிற நெம்புகோல். மாஸியில் இரண்டு உண்டு. ஒன்று கருவியை நீங்கள் வைத்த உயரத்திலேயே பிடித்துக்கொள்ளும், ரொட்டவேட்டருக்கு அதுதான். மற்றது இழுவையை உணர்ந்து தூக்கி இறக்கும், உழவுக்கு இது. கலப்பை மண்ணில் மாட்டி இழுபடும்போது டொப் லிங்க் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளல் ஒரு பெரிய சுருள்வில்லை அழுத்தும், வில் அழுந்தினால் ஹைட்ரோலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், மண் இளகினால் திரும்ப இறக்கும். ஹரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1920களில் இதற்குக் காப்புரிமை எடுத்தார், டிராக்டரின் பெயரில் பாதி அவருடையது. நான் இரண்டு வருடமாக அந்த நெம்புகோலைத் தொட்டதே இல்லை, கிழங்கு மூட்டை இழுப்பதற்கு அது எதற்கு. இந்த ஒழுங்கில் வைத்த பிறகு, பின்சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

கடைசியாக முன்வட்டு, கொழுவுக்கு முன்னால் புல்லையும் தாளையும் வெட்டிக்கொண்டு போகிற அந்தத் தட்டு. பின்கொழுவினுடையது பெயரிங் பிடித்துச் சுற்றாமல் இருந்தது, கிறீஸ் ஏற்றி, தட்டிச் சுற்ற வைத்தோம். அதைக் கொழு நுனிக்கு நேர்கோட்டில் வைக்காமல் உழாத நிலத்துப் பக்கமாக அரை அங்குலம் தள்ளி வைத்தால் சாலின் சுவர் கத்தியால் வெட்டிய கேக் மாதிரி நிற்கும், உழவு ஆழத்தில் பாதி வரைக்கும் வட்டு இறங்கினால் போதும்.

இவ்வளவும் செய்து முடித்த அன்று மாலை நாலரை மணிக்கு ஓட்டிய ஓட்டத்தைத்தான் நான் இந்தக் கலப்பையின் முதல் ஓட்டமாகக் கணக்கு வைக்கிறேன். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் மாதிரி, நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம். இரண்டு பட்டையும் ஒரே உயரம், எது முன்கொழு புரட்டியது எது பின்கொழு என்று தெரியவில்லை, தாள் முழுக்க அடியில் போய்விட்டது. அந்தச் சிமெந்துத் தட்டு உடைந்து, கீழே இருந்த சிவந்த மண் பட்டையின் விளிம்பில் மட்டும் தெரிந்தது. பெரியப்பா பாராட்டவில்லை. "கொழுவு நல்ல கொழுவு" என்றார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். அகல உழுவதை விட ஆழ உழு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், அதனால் எட்டு அங்குலம் போகிறதே, பத்துப் போனால் என்ன என்று ஆசை வரும். வேண்டாம். அந்தப் பழமொழி நாட்டுக் கலப்பைக்கு, அது மண்ணைக் கீறும், புரட்டாது. புரட்டுகிற கலப்பையில் ஆழம் அகலத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பட்டை புரளாமல் விளிம்பில் எழுந்து நின்று திரும்பப் பழைய இடத்திலேயே விழும். 12 அங்குலக் கொழுவுக்கு 8தான் எல்லை. அதோடு நம்ம ஊர் மண்ணில் அடியில் இருப்பது புளிப்பான சிவப்புக் களி, அதை ஒரே வருடத்தில் மேலே கொண்டுவந்து போட்டால் கிழங்கு உங்களைத் திட்டும். நான் முதல் வருடம் ஏழு, அடுத்த வருடம் எட்டு என்று வைத்திருக்கிறேன்.

மண் ஈரமும் அப்படித்தான். ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள், உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரவேண்டும். கயிறு மாதிரி நீண்டால் வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் ஒரு நாள் பொறுமை இல்லாமல் மழைக்கு மறுநாள் இறக்கினேன், சால் சுவர் எல்லாம் பூசி மெழுகினது போல மினுங்கியது, காய்ந்த பிறகு அந்த மூலையில் மண்கட்டியை மம்பட்டியால்தான் உடைத்தோம்.

நெல் வயலில் இந்தக் கலப்பை கொடுத்த ஒரு எதிர்பாராத லாபம், கான். ஒரே பக்கம் புரட்டுகிற கலப்பையாக இருப்பதால் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்தால் நடுவில் மேடும் இரண்டு ஓரத்திலும் திறந்த சாலும் மிஞ்சும். சமதளம் வேணும் என்பவர்களுக்கு இது தொல்லை. எனக்கோ கிழங்குக்குத் தண்ணீர் வடிய எப்படியும் வரப்போரமாகக் கான் வெட்டியே ஆகவேண்டும், பாதிக் கான் உழவிலேயே கிடைத்துவிட்டது. அடுத்த முறை வேறு இடத்தில் தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் வயல் முதுகு வளைந்துவிடும்.

மேல் சரிவுக் காணிக்கு இந்தக் கலப்பை சரிவராது, அங்கே நான் ஒரே ஒரு தடவைதான் முயற்சி செய்தேன். இது வலது பக்கம் மட்டும் புரட்டும். குறுக்காக ஓட்டும்போது வலது பக்கம் மேடாக இருந்தால் மண் மேல்நோக்கிப் புரளும், சால் சக்கரமும் மேட்டுப் பக்கத்தில் இறங்கி இருப்பதால் டிராக்டர் கொஞ்சம் நிமிரவும் செய்யும், நல்லது. ஆனால் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ், மண் பள்ளத்தை நோக்கி விழும், பள்ளப் பக்கச் சக்கரம் சாலுக்குள் இறங்கி டிராக்டர் இன்னும் சாயும். வயிற்றைப் பிசைந்தது. ஒரு பக்கம் உழுது மறு பக்கம் வெறுமனே ஓட்டி வரலாம், நேரமும் டீசலும் வீண். இந்த மாதிரிக் காணிக்குக் கொழுவைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும் இருபக்கக் கலப்பை வேணும், விலையும் பாரமும் வேறு. என் டிராக்டரில் கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கிற இரும்புக் கூடு இல்லை, அதனால் சரிவில் இப்போதும் கையால் கிளறுகிற முள்ளும் மம்பட்டியும்தான். சிலர் மேலிருந்து கீழாக நேரே உழுகிறார்கள், சாய்வு பயம் இல்லை என்று. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்த நாடு இது. ஒரு பெருமழை வந்தால் அந்தச் சால் ஒவ்வொன்றும் மேல்மண் இறங்குகிற பீலி.

கல். மலைநாட்டில் இதை மறந்து கலப்பை வாங்க முடியாது. இதில் ஒவ்வொரு காலிலும் ஒரு ஷியர் போல்ட் இருக்கிறது, கொழு கல்லில் மாட்டினால் அந்த போல்ட் அறுந்து காலைக் காப்பாற்றும். இந்தப் போகத்தில் நான்கு அறுந்தது. கராஜில் ஒருவர் நல்ல மனதோடு கெட்டி போல்ட் போட்டுத் தருகிறேன், இனி அறுக்காது என்றார். அறுக்காதுதான், சட்டம் வளையும். அதே தரத்தில் பத்து வாங்கி டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

கூலிக்கு உழுது கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று, ஏனென்றால் எனக்கும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். காணி மாறும்போது கலப்பையையும் டயரையும் கழுவிவிட்டுப் போங்கள். உருளைக்கிழங்கு நூற்புழு நுவரெலியாப் பக்கத்தில் இருக்கிறது, அதன் முட்டை உறை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒட்டிய மண்ணோடு அடுத்தவர் காணிக்குப் போகும். கோவா வேர்வீக்கமும் அப்படித்தான். கழுவின பிறகு வளைபலகைக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசி வைத்தால் அடுத்த தடவை மறுபடி செங்கல் எடுக்க வேண்டியதில்லை.

ஆக, கலப்பைக்கு ஐந்துக்கு நான்கு. இரும்பு நல்ல இரும்பு, ஒரு போகத்தில் சட்டம் ஒரு நூல் வளையவில்லை, ஒன்றைக் குறைத்தது தேய்ந்த கொழுவுக்கும் அந்தப் பெயின்ட்டுக்கும். வயல் நிலம், 40 குதிரைவலுவுக்கு மேல் ஒரு டிராக்டர், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியப்பா இருந்தால் வாங்கலாம். அரை ஏக்கருக்கும் குறைந்த தட்டுத் தட்டான காணி என்றால் திரும்ப இடமே போதாது, லேண்ட்மாஸ்டரே மேல். பொருத்தும் சேவைக்கு ஒன்று, அதுவும் அந்தப் பையன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனதற்காக.

கடையில் பிறகு ஒருநாள் போனை எடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மன்னிப்புக் கேட்டு, இரண்டு புஷ்ஷைக் காசு வாங்காமல் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார்கள். வெலிமடை பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்த்தேன். ஒன்று 28க்கு 22, சரியான அளவு. மற்றது 25க்கு 19, டொப் லிங்குக்குப் போடுவது. குறைந்த இன்னொரு 28க்கு 22ஐ லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டேன், 25க்கு 19 யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன்.